காலுக்கேற்ற ஜோடு

மார்கழி, தை மாதங்களில் பெங்களூரில் விடியற்காலையிலே வேலைக்குப் புறப்படுகிறவர்கள், தமிழ்நாட்டுச் சமவெளியில் வாழ்ந்தபோது அதிகம் எண்ணிப் பாராத ஒரு பொருளைப்பற்றி எண்ண வேண்டியவர்களாகிறார்கள். காலை முழுதும் மூடுகின்ற தோல் பூட்ஸ்தான் அப்பொருள். கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் அமைந்த நகரம் இது. 1884-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் இங்கே வெப்பநிலை 7.8 பாகை செல்சியஸ் வரை இறங்கியதென்று வானிலைப் பதிவேடு கூறுகிறது. குளிர் போதாதென்று, ஆடி தொடங்கி ஐப்பசி ஈறாக மழையும் விட்டுவிட்டுப் பெய்கிறது. நனைந்த சாலையில் நடந்து, பேருந்திலோ மெட்ரோ ரயிலிலோ நெருக்குண்டு சென்று, அலுவலகத்தில் நாள் முழுதும் அமர்ந்து, மாலையில் அவ்வழியே திரும்புகிற ஒருவருக்கு நல்ல ஜோடு ஆடம்பரப் பொருளன்று, அன்றாடத் தேவை.

ஆனால் நல்ல ஜோடு எது? கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாமே பளபளக்கின்றன. விலைச்சீட்டு ஓரளவே உதவும். தோல் எப்படிப் பதமாகிறது, எப்படித் தைக்கப்படுகிறது, யார் கையால் உருவாகிறது என்னும் மூன்றையும் அறிந்தவரே ஏமாறாமல் வாங்க முடியும். இம்மூன்றுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பெரும்பகுதி பெங்களூருக்கும் தமிழ்நாட்டிற்கும் இடையே நடந்ததுதான்.

முதலில், பூட்ஸ் அலுவலகத்திற்குள் நுழைந்த கதையைக் காண்போம். காலுக்குத் தோல் அணிவது தமிழருக்குப் புதிதன்று. சங்க இலக்கியத்திலேயே செருப்பைக் குறிக்கத் 'தொடுதோல்' என்னும் அழகிய சொல் வழங்கியிருக்கிறது. ஆயினும், காலை முழுதும் மூடிக்கொண்டு உத்தியோக சாலைக்குச் செல்லும் வழக்கம் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. 1809-ஆம் ஆண்டில் பெங்களூரில் ஆங்கிலப் படையின் பாசறை நிறுவப்பட்டது. அந்தக் கண்டோன்மெண்டை நாடித் தமிழ் மாவட்டங்களிலிருந்து சிப்பாய்களும், வணிகர்களும், கைவினைஞர்களும், கூலி வேலைக்காரர்களும் வந்து குடியேறினர். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்ட் வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. 1868-இல் அட்டார கச்சேரி என்னும் செந்நிற மாளிகை கட்டி முடிந்தது. பதினெட்டு இலாகாக்கள் ஒரே கூரையின்கீழ் வந்தமையால் அதற்கு அப்பெயர்; இன்று அது கர்நாடக உயர்நீதிமன்றமாக விளங்குகிறது.

அக்காலக் கச்சேரிகளில் காலணி ஒரு பெரிய சிக்கலாக இருந்தது. 1820-களில் கவர்னர்-ஜெனரலாயிருந்த ஆம்ஹர்ஸ்ட் பிரபு, தம்முன் வரும் இந்தியர் மரியாதைக்கு அடையாளமாகச் செருப்பைக் கழற்ற வேண்டுமென்று வற்புறுத்தினார். டல்ஹௌசி பிரபுவின் காலத்தில் இவ்விதி மேலும் கடுமையாக்கப்பட்டு, சர்க்கார் கட்டடம் எதனுள் நுழைந்தாலும் இந்தியர் காலணியைக் கழற்ற வேண்டும் என்றாயிற்று. ஐரோப்பிய உடை அணிந்தவருக்கு மட்டும் விலக்கு! 1862-இல் சூரத் நகரத்து நீதிமன்றத்தில் மானக்ஜி கவாஸ்ஜி எண்ட்டீ என்பவர் காலணியைக் கழற்ற மறுத்தார். நீதிமன்றத்தினுள் நுழையவே அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அவர் அஞ்சவில்லை, பம்பாய் கவர்னருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். கோயிலிலும் வீட்டிலும் செருப்பைக் கழற்றுவது தூய்மையும் புனிதமும் கருதிய செயல். நீதிமன்றமோ பொது இடம். இரண்டும் ஒன்றாகா என்பது இந்தியர் தரப்பு வாதம். ஐரோப்பிய உடைக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டதால், பூட்ஸ் அணிவது பலர் கண்ணில் மதிப்பின் அடையாளமாயிற்று. குமாஸ்தாவின் பூட்ஸ் இவ்வாறு குளிருக்காக மட்டுமின்றிக் கௌரவத்திற்காகவும் வந்தது.

இனி, தோலின் கதைக்கு வருவோம். பச்சைத் தோல் ஓரிரு நாளில் அழுகிவிடும்; அதனை அழுகாப் பொருளாக மாற்றுவதே பதனிடுதல். தமிழ்நாட்டுப் புன்செய்க் காடுகளில் பொன்னிறப் பூப் பூத்து நிற்கும் ஆவாரை, இவ்வகையில் நமக்கு இயற்கை தந்த கொடை. ஆவாரம் பட்டையை நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள துவர்ப்புச் சத்து இறங்கும். அச்சத்து தோலின் நார்களோடு பிணைந்து அவற்றை உறுதியாக்கும். பிறகு கடுக்காய்ச் சாறு தோலுக்கு நிறமும் நயமும் அளிக்கும். பல வாரம் பொறுமையோடு செய்ய வேண்டிய வேலை இது. இவ்வாறு பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்தின் வழியாக லண்டன் சென்று, 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர் பெற்றது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸ்களுக்கு மேல்தோலாக அது பெருமளவில் பயன்பட்டது. இன்று அது புவிசார் குறியீடு பெற்ற தமிழ்நாட்டுப் பொருள்களுள் ஒன்று.

பெங்களூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்கிற நேயர்கள், ஜோலார்பேட்டையைத் தாண்டியதும் வாணியம்பாடி, ஆம்பூர் என்னும் நிலையங்களைக் காண்கிறீர்கள். பாலாற்றின் நீரையும் சுற்றுப்புறத்து ஆவாரையையும் நம்பி, முஸ்லிம் வணிகப் பெருமக்களின் முதலீட்டாலும் பெரும்பாலும் ஆதிதிராவிடத் தொழிலாளரின் உழைப்பாலும் வளர்ந்த தோல் நகரங்கள் அவை. பெங்களூரிலும் டானரி ரோடு என்ற பெயர், அங்கே முன்பு தோல் பதனிடும் தொழில் நடந்ததற்குச் சான்றாக நிற்கிறது.

பட்டையின் ஆட்சிக்கு ரசாயனம் ஒரு போட்டியை உண்டாக்கியது. 1884-இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் அமெரிக்காவில் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் அதனை எளிமையாக்கினார். வாரக்கணக்கான வேலை நாட்கணக்கில் முடிந்தது. அத்தோல் மெல்லியது, துவளக் கூடியது, கொதிநீரில் இட்டாலும் சுருங்காதது. சென்னைக்கு இதனைக் கொண்டுவர முயன்றவர் ஆல்பிரட் சாட்டர்டன். பொறியியற் கல்லூரிப் பேராசிரியராக வந்த அவர், 1903-ஆம் ஆண்டளவில் குரோம் முறைச் சோதனைகளைத் தொடங்கினார். அவர் முதலில் கருதியது துரைமாரின் பூட்ஸை அன்று. மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையின் தோற்சாலை! நீரிலேயே கிடக்கும் சாலுக்கு ஏற்ற தோல், மழையில் நடக்கும் காலுக்கும் ஏற்றதென்பது வெளிப்படை. சர்க்கார் நேராகத் தொழில் நடத்துவதை இந்தியா மந்திரி மார்லி பிரபு 1910-இல் ஏற்க மறுத்தமையால் அம்முயற்சி தடைப்பட்டது. சாட்டர்டன் பின்னர் மைசூர் சமஸ்தானம் சென்று, விசுவேசுவரய்யா திவானாயிருந்த காலத்தில் தொழில் துறையை நடத்தினார். சென்னையிலோ தனியார் முயற்சியாகக் குரோம் லெதர் கம்பெனி தோன்றியது. குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் அந்தக் கம்பெனி தந்ததே.

இவ்வரலாறு வாங்குவோருக்குக் கூறும் பாடம் யாது? பூட்ஸின் மேல்தோல் குரோம் முறையில் பதமாகியிருந்தால் மழைக்கும் மடிப்புக்கும் தாங்கும். உள்ளட்டையும் அடித்தோலும் பட்டையில் பதமாகியிருந்தால் வியர்வையை உறிஞ்சும். சில வாரங்களில் காலின் வடிவத்தையே தனதாக்கிக்கொள்ளும். தோலின் வெட்டுவாய் தெரியும் இடத்தில் உற்றுப் பாருங்கள். பட்டைத் தோல் உள்ளும் பழுப்பாக இருக்கும். குரோம் தோலின் நடுவே, சாயம் ஊறாதவிடத்து, நீலச் சாம்பல் நிறம் தெரியும். அடுத்தபடி, மேல்தோலை விரலால் அழுத்தி மடக்கிப் பாருங்கள். மேற்பரப்பு சீவப்படாத முழுத்தோலில் மெல்லிய வரிகள் தோன்றி மறையும். பிளந்தெடுத்த அடுக்கின்மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றிய தோலிலோ முரட்டு மடிப்பு விழும். நாளடைவில் பூச்சு வெடித்து உரியும். அதிகமாக மின்னும் ஜோட்டை அதிகமாகவே சோதிக்க வேண்டும்.

தோலுக்கு அடுத்தது தையல். மேல்தோலையும் அடித்தோலையும் இணைப்பதே ஜோடு தைப்பவரின் தலையாய வேலை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது முழுதும் குத்தூசியும் மெழுகு நூலும் கொண்டு செய்த கைவேலை. 1870-களில் குட்இயர் என்னும் பெயரால் வழங்கும் இயந்திரம் பரவியது. மேல்தோலின் விளிம்பைச் சுற்றி 'வெல்ட்' என்னும் தோற்பட்டி ஒன்றைத் தைத்து, அப்பட்டியோடு அடித்தோலைத் தைக்கும் முறை அது. அடித்தோல் தேய்ந்தால் அதனை மட்டும் பிரித்துப் புதிது வைக்கலாம். மேல்தோலுக்குக் கேடு வராது. ஆனால் மேல்தோலை அச்சுக்கட்டையின்மேல் இழுத்துப் படியவைக்கும் வேலைக்கு இயந்திரம் ஆகாதென்றே எல்லாரும் எண்ணியிருந்தனர். அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியவர் ஒரு குடியேறிய தொழிலாளி. தென் அமெரிக்காவின் சூரினாமில் பிறந்து, அமெரிக்காவின் லின் நகரத்து ஜோட்டுத் தொழிற்சாலையில் உழைத்த ஜான் மாட்ஸெலிகர் என்னும் கறுப்பினத்தவர் அவர். இரவுதோறும் தனியே முயன்று, 1883-இல் காப்புரிமை பெற்றார். ஒரு கைவினைஞர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 ஜோடிகளே இழுத்துப் படியவைத்த இடத்தில், அவ்வியந்திரம் பல நூறு ஜோடிகளை முடித்தது. ஜோட்டின் விலை இறங்கிச் சாமானியரின் கைக்கு எட்டியது. அதன் பயனை நெடுநாள் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1889-இல், 36 வயதில், காசநோயால் மாண்டார்.

இன்று மலிவான பூட்ஸ்களில் பெரும்பாலானவை பசையால் ஒட்டப்பட்டவை. ஒட்டியதெல்லாம் கெட்டதென்று கூற முடியாது. எடை குறைவு, விலையும் குறைவு. ஆயினும், நாள்தோறும் மழையில் நனைகிறவர், விளிம்பைச் சுற்றி உண்மைத் தையல் ஓடுகிறதா, அழகுக்காக அச்சிட்ட பொய்த் தையலா என்று பார்த்து வாங்குதல் நலம். இரு முறை அடித்தோல் மாற்றி அணியத்தக்க ஒரு ஜோடி, ஆண்டுக்கொன்றாகக் கழிக்கும் மூன்று ஜோடிகளைவிட முடிவில் மலிவாக அமையும். அளவு பார்ப்பதும் முக்கியம். கால் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில், வழக்கமாக அணியும் காலுறையுடனே போட்டுப் பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்; குதிகால் நழுவலாகாது. செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று நம் முன்னோர் கேட்டதை மறவாதீர்கள்.

மூன்றாவதாகக் கூற வேண்டியது, ஜோடு செய்தவரின் வரலாறு. வெள்ளைத் துரை காலணியைக் கழற்றச் சொன்னபோது நாம் அதனை அவமானமென்று உணர்ந்தோம். அதே நாட்டில், ஜோடு தைத்த கைகளுக்கு உரியவரையே ஜோடு அணியக் கூடாதென்று நம்மவர் தடுத்தனர். 1930-இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியார் விதித்த எட்டுத் தடைகளுள், ஆடவர் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது என்பதும் ஒன்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்ததாக அறிவித்தது. சட்டத்திற்கு முன்னரும் மனச்சான்று பேசியதுண்டு. நாம் குடியேறி வாழும் இக்கன்னட நாட்டில், 12-ஆம் நூற்றாண்டில் ஹரளய்யா என்னும் சக்கிலியத் தொழில் செய்த சரணர் வாழ்ந்தார். தம்மை வணங்கிய பசவண்ணரின் பெருமைக்கு ஈடாக, அவரும் அவர் மனைவியும் தம் தொடைத் தோலை அறுத்துச் செருப்புத் தைத்துக் கொடுத்தனர் என்பது இங்கே வழங்கும் புனித வரலாறு. சாதி கடந்து தம் மகனுக்கு மணம் முடித்ததற்காக அவர் கொல்லப்பட்டார் என்றும் அவ்வரலாறு கூறும்.

விடுதலைக்குப் பின் தோல் தொழில் புது வழியில் சென்றது. 1948-இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. நாயுடம்மா அவர்களின் தலைமையில் அது உலகப் புகழ் பெற்றது. 1973-இல் பச்சைத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. தோலாகச் சென்றது ஜோடாகச் செல்லத் தொடங்கியது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் பெண்கள் பல்லாயிரவர் தொழிற்சாலைக்கு வந்தனர். கர்நாடக அரசும் 1976-இல் லிட்கர் என்னும் கழகத்தை நிறுவித் தோல் கைவினைஞர்களுக்குத் துணை நின்றது. ஆனால் வளர்ச்சிக்குப் பாலாறு விலை கொடுத்தது. குரோமியமும் உப்பும் கலந்த கழிவுநீர் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள், வேலூர் மக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிக மலிவான ஒரு ஜோட்டின் விலையில் குறைந்திருக்கும் பணத்தை, சில வேளைகளில், நம் சொந்த ஊர்க் கிணறு கொடுத்திருக்கலாம் என்பதை வாங்குவோர் நினைவிற் கொள்ள வேண்டும்.

நேயர்களே! நல்ல ஜோடு வாங்கினால் அதனைப் பேணவும் வேண்டும். நனைந்த பூட்ஸை வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் தோல் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். இரண்டு ஜோடி இருந்தால் நாள் விட்டு நாள் மாற்றி அணியுங்கள். மழைக்காலத்தில் அலமாரிக்குள் பூட்டிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், காற்றாட வையுங்கள். வாரம் ஒருமுறை தூசி தட்டி மெழுகு பாலிஷ் இடுங்கள். அடித்தோல் தேய்ந்தபோது தெருமுனையில் அமர்ந்திருக்கும் கைவினைஞரிடம் செல்லுங்கள். அவரும் நம்மைப்போல் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவராக இருக்கக் கூடும். கேட்ட கூலியைப் பேரம் பேசாது கொடுத்து, 'ஐயா' என்று மரியாதையுடன் அழைத்துப் பேசுங்கள். நூற்றாண்டுக் காலம் நாம் அவருக்குக் கொடுக்கத் தவறியதில் ஒரு சிறு பங்காவது அவ்வாறு போய்ச் சேரும்.