தி ஹேக் போன கேள்வி

ஆங்கிலத்தில் எண்ணினால் 15 சொற்கள். 'எந்தச் சூழ்நிலையிலாவது, அணு ஆயுதத்தைக் காட்டி மிரட்டவோ அதைப் பயன்படுத்தவோ சர்வதேசச் சட்டம் அனுமதிக்கிறதா?' அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கேட்டுவிடலாம். ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதற்குள் ஏழெட்டு வருடம் ஓடிவிட்டது.

தி ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றம் நம் ஊர் கோர்ட் மாதிரி அல்ல. பொதுநல வழக்கு என்ற பேச்சே அங்கே இல்லை. வழக்கு என்றால் ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் போட வேண்டும். இல்லையென்றால் ஆலோசனைக் கருத்து கேட்கலாம். அந்த உரிமையும் ஐ.நா. பொதுச் சபை, பாதுகாப்புச் சபை, அனுமதி பெற்ற சில ஐ.நா. அமைப்புகள் ஆகியவற்றுக்குத்தான். பாதுகாப்புச் சபையில் வீட்டோ வைத்திருக்கும் ஐந்து நாடுகளிடமும் அணுகுண்டு இருக்கிறது. அங்கே போய் இதைக் கேட்கச் சொல்வது வீண் வேலை.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இருந்த ஓய்வுபெற்ற மாஜிஸ்திரேட் ஹரால்ட் எவன்ஸுக்கு இதெல்லாம் தெரியும். பசிபிக் கடலில் பிரான்ஸ் குண்டுகளை வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம். அதை எதிர்க்கக் கிளம்பிய ரெயின்போ வாரியர் கப்பலை 1985இல் ஆக்லாந்து துறைமுகத்திலேயே பிரெஞ்சு உளவாளிகள் வெடிவைத்து மூழ்கடித்திருந்தார்கள். 1987இல் எவன்ஸ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பிரதமர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்: பொதுச் சபை வழியாக நீதிமன்றத்திடம் கேளுங்கள். இரண்டு அரசுகளும் அதைக் கையில் எடுக்கவில்லை. ஆனால் கேட் ட்யூஸ் போன்ற அதே ஊர் அமைதி ஆர்வலர்கள் விடவில்லை. டாக்டர்கள், வக்கீல்கள், அமைதி இயக்கத்தார் என மூன்று சர்வதேச அமைப்புகள் சேர, 1992 மே மாதம் ஜெனீவாவில் 'உலக நீதிமன்றத் திட்டம்' என்ற பெயரில் கேள்வி ஊர்வலம் கிளம்பியது.

முதலில் திறந்தது டாக்டர்களுக்குப் பழகிய கதவு. 1993 மேயில் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை, 73க்கு 40 என்ற வாக்கில் கேள்வியின் ஒரு வடிவத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. மனித உடல்நலத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஏற்படும் விளைவைப் பார்க்கும்போது இந்த ஆயுதத்தைப் பயன்படுத்துவது சட்ட மீறல் ஆகாதா என்பது அந்த வடிவம். அதே ஆண்டு அணிசேரா நாடுகள் பொதுச் சபையில் தீர்மானம் கொண்டுவந்தன. அணு வல்லரசுகள் கொடுத்த நெருக்கடியில் வாக்கெடுப்புக்கு விடாமலே வைத்துவிட்டன. மறுவருடம் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1994 டிசம்பர் 15 அன்று ஆதரவு 78, எதிர்ப்பு 43, நடுநிலை 38. கேள்வி தேறிவிட்டது.

வழியில் ஒரு வேடிக்கை. நீதிமன்றத்துக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சிமொழிகள். ஆங்கிலத்தில் 'எந்தச் சூழ்நிலையிலாவது' என்று இருந்தது, பிரெஞ்சில் 'எல்லாச் சூழ்நிலையிலும் அனுமதி உண்டா' என்றும் படிக்கும்படி அமைந்துவிட்டது. முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் ஆயுதம் மொத்தமாகத் தடை. இரண்டாவதற்கு 'இல்லை' என்றால் சில சமயம் தடை, அவ்வளவே. நீதிபதிகள் இந்த வேறுபாட்டைத் தீர்ப்பிலேயே குறிப்பிட்டுவிட்டு, உண்மையான நோக்கம் தெளிவாகத்தான் இருக்கிறது என்று நகர்ந்தார்கள். மொழிபெயர்ப்பாளர்களை இவ்வளவு மரியாதையாக வேறு யாரும் மன்னித்ததாகத் தெரியவில்லை.

1995 அக்டோபர் 30 முதல் நவம்பர் 15 வரை விசாரணை. 22 நாடுகள் வந்து வாதாடின. நீதிமன்றத்துக்கு முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் வந்திருந்தன. சட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அந்த மண்டபத்தில் நாகசாகி மேயர் இச்சோ இதோ, கருகிக் கிடந்த ஒரு சிறுவனின் படத்தை நீதிபதிகள் முன் தூக்கிக் காட்டினார். மார்ஷல் தீவுகளிலிருந்து லிஜோன் எக்னிலாங் வந்தார். 1954 மார்ச் 1 அன்று, ஹிரோஷிமாவில் போட்டதைவிட ஆயிரம் மடங்கு வலிமையுள்ள பிராவோ குண்டை அமெரிக்கா பிகினியில் வெடித்தபோது அவர் ரோங்கெலாப் தீவில் சிறுமி. அதன்பின் தன் தீவுப் பெண்கள் பெற்ற, எலும்பில்லாத, தோல் கண்ணாடி போன்ற சிசுக்களைப் பற்றி அவர் சொன்னார். தீவில் அவற்றை ஜெல்லி மீன் குழந்தைகள் என்பார்களாம். எந்தச் சட்டப் பிரிவில் இதைப் பொருத்துவது?

இந்தியாவும் எழுத்து மூலம் வாதம் அனுப்பியிருந்தது. எந்தச் சூழ்நிலையிலும், பதிலடியாகக்கூட, அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்றது. தேதி, 1995 ஜூன்.

1996 ஜூலை 8 அன்று பதில் வந்தது. சுகாதார நிறுவனத்தின் கேள்வியை, 'இது உங்கள் வேலை வரம்பில் வராது' என்று 11க்கு 3 என நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. பொதுச் சபையின் கேள்விக்கோ, விசாரணைக்குச் சற்று முன் ஒரு நீதிபதி இறந்துவிட்டதால் 14 பேர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 7க்கு 7. தலைவர் முகமது பெஜாவி தன் கூடுதல் வாக்கைப் போட்டார். பொதுவாக இது போர்ச் சட்டங்களுக்கு விரோதம். ஆனால் ஒரு நாட்டின் இருப்பே ஆபத்தில் சிக்கும் உச்சகட்டத் தற்காப்பில் சட்டபூர்வமா இல்லையா என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதுதான் பதில்.

எதிர்த்து வாக்களித்த ஏழு பேரில் மூவர், 'அந்த விதிவிலக்குகூடக் கூடாது' என்பதற்காகவே எதிர்த்தவர்கள். கூட்டிக்கழித்தால் கணக்கு வேறாகிறது. மூவரில் ஒருவர் இலங்கையின் சி. ஜி. வீரமந்திரி. தன் நீண்ட மாறுபட்ட தீர்ப்பில், போரிடாதவர்களையும் அழிக்கும் அஸ்திரத்தை விடாதே என்று இலக்குவனை ராமன் தடுத்ததையும், அர்ச்சுனன் பாசுபதத்தை எய்யாமல் விட்டதையும் எடுத்துவைத்தார்.

கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. கேட்காத ஒன்று கிடைத்தது. அணு ஆயுதக் களைவுக்கான பேச்சுவார்த்தையை நல்லெண்ணத்தோடு நடத்தி, அதை முடித்தும் வைக்க வேண்டிய கடமை உண்டு என்று 14 பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். 'முடித்தும்' என்ற சொல்லில்தான் கனம். என் கணக்கில், எவன்ஸின் கேள்வி அன்றோடு ஓய்ந்து, இந்த வாக்கியம் பயணத்தைத் தொடர்ந்தது.

2014 ஏப்ரலில் மார்ஷல் தீவுகள் அதை எடுத்துக்கொண்டு ஒன்பது அணு நாடுகள் மீதும் வழக்குப் போட்டது. நீதிமன்ற அதிகாரத்தை ஏற்றிருந்த பிரிட்டன், இந்தியா, பாகிஸ்தான் மீதான வழக்குகள்தான் நின்றன. 2016 அக்டோபர் 5: வழக்கு போட்டபோது உங்களுக்குள் தகராறே இருக்கவில்லை என்று நீதிமன்றம் மூன்றையும் தள்ளியது. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் 9-7. பிரிட்டனுக்கு 8-8, மறுபடி தலைவரின் கூடுதல் வாக்கு. மார்ஷல் தீவுகள் தன் சார்பில் அமர்த்திய தனிநீதிபதி பெஜாவி. இந்த முறை அவர் தோற்ற பக்கம்.

மறுவருடம் ஜூலை 7 அன்று நியூயார்க்கில் 122 நாடுகள் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை நிறைவேற்றின. அதன் முகவுரையில் 1996இன் அந்த வாக்கியம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. எதிர்த்து விழுந்தது ஒரே வாக்கு, நெதர்லாந்துடையது. நீதிமன்றம் இருப்பது அந்த நாட்டில்தான். அணு ஆயுத நாடுகள் ஒன்பதும் அந்தப் பக்கமே வரவில்லை. 1998 மேயில் பொக்ரானில் மீண்டும் வெடித்துவிட்டிருந்த இந்தியாவும் அதில் சேர்த்தி. 1995இல் அது அனுப்பிய வாதம் நீதிமன்றத்தின் இணையதளத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.