இரும்புக் கடா வீழ்வது எதனால்?
மெக்சிக்கோவின் இலக்குச் சூட்டு விளையாட்டும் கடலூர்க் கரையில் மறைந்த ஓர் அறிஞரும்

துப்பாக்கி என்னும் சொல் எம்மவர் இல்லங்களில் இனிமையாக ஒலிப்பதன்று. அச்சொல்லை இப்பக்கத்தில் எழுதுமிடத்து, வாசகர் மனத்தில் எழக்கூடிய நினைவுகளை நாம் அறியாதவர்களல்லர். எனினும், இங்கு நாம் கூற முற்படுவது போர்க்கதையன்று. உயிருள்ள ஆட்டின் இடத்தில் இரும்பு ஆடு வந்து நின்ற ஒரு விளையாட்டின் வரலாறு. அவ்விரும்பு ஆட்டை வீழ்த்துவதற்கு எத்தகைய ரவை வேண்டும் என்ற வினா, நம் பிள்ளைகள் பாடசாலையில் கற்கும் பௌதிகவியலின் அடிப்படை விதி ஒன்றைத் தெளிவாக விளக்குகின்றது. அவ்விதியைக் கொண்டு சன்னத்தின் வேகத்தை அளந்து காட்டியவரின் வாழ்வோ தமிழ்க் கரையில் முடிவுற்றது.

உயிரிலிருந்து இரும்புக்கு

மெக்சிக்கோ நாட்டின் கிராமத் திருவிழாக்களில், தொலைவிலே கட்டப்பட்ட உயிருள்ள கோழி, ஆடு முதலியவற்றைச் சுடும் வழக்கம் முன்னர் இருந்தது. எவருடைய சன்னம் முதலில் குருதி காட்டியதோ அவரே வென்றவர். விலங்கு பின்னர் விருந்துக்குச் சமைக்கப்படும். 1910ஆம் ஆண்டு தொடங்கிய மெக்சிக்கப் புரட்சியின் காலத்திலே, பாஞ்சோ வில்லாவின் படைவீரரிடையே இவ்வழக்கம் தோன்றியது என்றொரு வாய்மொழிக் கதையும் உண்டு. அது கதையாகவே நிற்கட்டும்.

1948ஆம் ஆண்டு மெக்சிக்கோ நகரில் கொன்சாலோ அகிலார் என்பார், உயிர்களுக்குப் பதிலாக இரும்புத் தகட்டில் வெட்டிய உருவங்களை நிறுத்திப் போட்டி நடத்தினார். இன்று உலகெங்கும் வழங்கும் விளையாட்டின் தொடக்கம் அதுவே. 200 மீற்றரில் கோழி, 300 மீற்றரில் காட்டுப்பன்றி, 385 மீற்றரில் வான்கோழி, 500 மீற்றரில் செம்மறிக் கடா என நான்கு உருவங்கள் உள்ளன. ஐந்து ஐந்தாக நிறுத்தப்படும் இவற்றை, நின்ற நிலையிலேயே, தோள்வாரின் துணையோ வேறெந்தத் தாங்கலோ இன்றி, இடமிருந்து வலமாக வரிசை தவறாது சுடுதல் வேண்டும். ஐந்து சூடுகளுக்கும் இரண்டரை நிமிடமே அவகாசம். 1960களின் பிற்பகுதியில் இவ்விளையாட்டு எல்லை கடந்து அரிசோனா மாநிலத்தை அடைந்தது. 1973இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய றைபிள் சங்கம் இதற்கு அங்கீகாரம் வழங்கியது.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். உயிருள்ள விலங்கில் குருதித் துளியே சான்றாக இருந்தது. இரும்புக்குக் குருதி ஏது? ஆகவே புதியதொரு விதி பிறந்தது: உருவம் தன் பீடத்திலிருந்து வீழ்தல் வேண்டும். சன்னம் பட்டு ஓசை எழுந்தாலும், உருவம் பக்கவாட்டில் திரும்பி நின்றாலும், வீழாவிடின் அது தவறிய சூடே. முன்னர் பட்டாற் போதும் என்றிருந்தது. இப்போது தள்ளவும் வேண்டும் என்றாயிற்று. எந்த ரவையைத் தேர்வது என்ற வினா இங்கிருந்தே எழுந்தது.

சக்தியா, உந்தமா?

ரவை என்பது கோது, வெடிமருந்து, சன்னம் ஆகியன சேர்ந்த முழுப்பொருள். அதில் இலக்கைச் சென்றடைவது சன்னம் மட்டுமே. வேகமாகச் செல்லும் சன்னமே வலிமையாகத் தள்ளும் எனப் பலரும் எண்ணுவர். கணக்கு வேறு விதமாகச் சொல்கின்றது.

இலக்கை அடையும்போது 5 கிராம் நிறையுள்ள சன்னம் ஒன்று செக்கனுக்கு 800 மீற்றர் வேகத்திலும், 10 கிராம் நிறையுள்ள மற்றொன்று செக்கனுக்கு 500 மீற்றர் வேகத்திலும் செல்வதாகக் கொள்வோம். முதலாவதன் இயக்கச் சக்தி 1600 யூல். இரண்டாவதன் சக்தி 1250 யூல். சக்தியில் முதலாவதே மேலானது. ஆயின், கிலோகிராமில் நிறையையும் செக்கனுக்கு மீற்றரில் வேகத்தையும் பெருக்கிவரும் உந்தத்தை நோக்கின், முதலாவதற்கு 4, இரண்டாவதற்கு 5. செம்மறிக் கடாவின் நிறை ஏறத்தாழ 25 கிலோகிராம். அதைத் தள்ளுவது உந்தமே. சக்தியின் பெரும்பகுதி சன்னம் நசுங்கிச் சிதறுவதிலும் வெப்பத்திலும் கழிந்துவிடுகின்றது. பாரமான சன்னம் கடாவுக்குக் கொடுக்கும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். இலேசான சன்னம் கொடுப்பது 16 சென்ரிமீற்றர். இச்சிறு வேறுபாட்டிலேயே கடா வீழ்வதும் ஆடிவிட்டு மீண்டும் நிலைத்து நிற்பதும் தங்கியுள்ளன. சன்னம் கால்களுக்கு அருகே தாழப் படின் வீழ்த்துதல் மேலும் கடினம்.

அவ்வாறாயின் மிகப் பாரமான சன்னத்தையே எப்போதும் கொள்ளலாகாதா? ஆகாது. சன்னம் முன்னே கொண்டுசெல்லும் உந்தம், பின்னே சுடுபவரின் தோளிலும் விழுகின்றது. ஒரே நாளில் பல பத்துச் சூடுகள் சுடவேண்டியவர், உதைப்புக்கு அஞ்சி விசையை இழுக்கும் கணத்தில் உடல் சுருங்குவாராயின் இலக்கே தவறும். றைபிளின் பாரத்தைக் கூட்டி உதைப்பைத் தணிக்கவும் வழியில்லை. அதன் நிறை 4.6 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. ஆதலால் அனுபவமுள்ளோர் கோழிக்கும் பன்றிக்கும் மென்மையான ரவையையும், கடாவுக்கு மட்டும் பாரமான சன்னமுள்ள ரவையையும் வைத்திருப்பர். 1952இல் வெளிவந்த .308 வின்செஸ்ரர் ரவை, சுமார் 11 கிராம் சன்னத்துடன் கடாவை நன்கு வீழ்த்தியது. அதே கோதின் கழுத்தை ஒடுக்கி, 7 மில்லிமீற்றர் சன்னத்தைப் பொருத்திய ரவையை 1980இல் றெமிங்ரன் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. ஒடுங்கி நீண்ட சன்னம் காற்றில் குறைவாகவே வேகத்தை இழக்கும். ஆகவே, குறைந்த உதைப்புடன் தொலைவில் போதிய உந்தம் கிட்டியது. ‘போதுமான அளவு, அதற்கு மேல் வேண்டாம்’ என்பதே இவ்விளையாட்டு வீரர் கண்ட முடிபு.

தேவனாம்பட்டினத்தில் முடிந்த வாழ்வு

இக்கணக்கு புதியதன்று. 1742இல் இங்கிலாந்தில் பெஞ்சமின் றொபின்ஸ் என்னும் அறிஞர் பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள் பற்றி நூலொன்றை வெளியிட்டார். போரை வெறுக்கும் குவேக்கர் சமயக் குடும்பத்தில், 1707இல் பிறந்தவர் அவர். கண்ணுக்குப் புலப்படாத சன்னத்தின் வேகத்தை அளக்க அவர் கண்ட வழி எளிது. பாரமான ஊசலொன்றைத் தொங்கவிட்டு அதிலே சுட்டார். ஊசல் எவ்வளவு பின்வாங்கியது என்பதை ஒரு நாடாவினால் அளந்தார். இரண்டின் நிறைகளையும் அறிந்தமையால் சன்னத்தின் வேகத்தைக் கணித்தார். அது செக்கனுக்கு 1,600 அடிக்கு மேற்பட்டிருந்தது. அவ்வூசலின் நிறை சுமார் 56 இறாத்தல், அதாவது ஏறத்தாழ இன்றைய இரும்புக் கடாவின் நிறையே! ஊசலை வெவ்வேறு தொலைவுகளில் வைத்துச் சுட்டு, காற்றின் தடை முன்னோர் எண்ணியதினும் மிகப் பெரியது என்பதையும் நிறுவினார். கணித மேதை ஒய்லர் 1745இல் அந்நூலை விளக்கவுரையுடன் ஜேர்மன் மொழியில் வெளியிட்டார்.

1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியபின், கிழக்கிந்தியக் கம்பனி கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ற் டேவிட் கோட்டையைச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக்கியது. கோட்டைகளைச் செப்பனிடும் பொறியியல் தலைவராக றொபின்ஸ் 1750இல் அங்கு வந்து சேர்ந்தார். ஓராண்டுக்குள்ளேயே காய்ச்சல் கண்டு, 1751 யூலை மாதம் அங்கேயே உயிர்நீத்தார். அவர் வலுப்படுத்த வந்த கோட்டையை 1758இல் பிரெஞ்சுப் படை கைப்பற்றித் தகர்த்தது.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

திரைப்படங்களில் சன்னம் பட்ட மனிதன் பல அடி தூரம் தூக்கி வீசப்படுவதை நம் பிள்ளைகள் காண்கின்றனர். அது பொய். மேற்கூறிய பாரமான சன்னம் தன் உந்தம் முழுவதையும் 70 கிலோகிராம் உடலுக்குக் கொடுத்தாலும், அவ்வுடல் பெறும் வேகம் செக்கனுக்கு 7 சென்ரிமீற்றரே. துப்பாக்கியின் கொடுமை தள்ளுவதில் இல்லை. தசையையும் எலும்பையும் கிழிப்பதில் உள்ளது. இரும்பிலே ஓசையும் வெப்பமுமாக வீணாகிப் போகும் சக்தி, உடலிலே காயமாகின்றது. இதை எம்மவர் எந்த நூலிலும் படித்து அறிய வேண்டியதில்லை.

திரை காட்டும் வீரத்தைப் பிள்ளைகள் நம்பும் முன்னர், இக்கணக்கைப் பெற்றோர் அவர்களோடு அமர்ந்து ஒருமுறை போட்டுப் பார்ப்பார்களாக. ஒரு தாளும் எழுதுகோலும் போதும். 1948இல் மெக்சிக்கோவில் ஒருவர் ஆட்டை அவிழ்த்து விட்டு இரும்பை நிறுத்தினார் என்பதையும் உடன் சொல்லி வைப்பது நன்று.