அறுந்தது எவ்விடத்தில்?

மணலியை ஒட்டிய மாத்தூரில், லினக்ஸ் கணினி உள்ள ஒரு வீட்டில் கேபிள் இணையம் நின்றுவிட்டதாகக் கொள்வோம். ஆபரேட்டரை அழைத்தால், "விண்டோஸில் போட்டுப் பார்த்தீர்களா?" என்பதே பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கும். பழி லினக்ஸின் மேல் விழுந்ததும், பழுதைத் தேடும் முயற்சி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால், இருந்த இடத்திலிருந்தே அறுந்த இடத்தைக் கண்டறியும் கலைக்குச் சென்னைக் கடற்கரையோடு ஒன்றரை நூற்றாண்டுத் தொடர்பு உண்டு.

1870-71இல் பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் டெலிகிராஃப் கம்பெனி, மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக்கம்பி அமைத்தது. ஆழ்கடலில் கம்பி அறுந்தால் மூழ்கிப் பார்க்க எவராலும் இயலாது. அக்காலத் தந்திப் பொறியாளர்கள் கரையில் அமர்ந்தபடியே மின்தடையை அளந்தார்கள். ஒரு மைல் செம்புக்கம்பியின் தடை இவ்வளவு என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். அறுந்த முனையில் மின்னோட்டம் கடல்நீரில் இறங்கிவிடும். எனவே அளந்த தடையைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டார்கள். பழுதுபார்க்கும் கப்பல் கடல் முழுவதும் அலையாமல் அவ்விடத்தை நோக்கிப் புறப்பட்டது.

1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வகமொன்றில் மைக் மூஸ் எழுதிய 'பிங்' என்ற சிறு நிரலும் இவ்வழியில் வந்ததே. நீர்மூழ்கிகளைத் தேடும் சோனாரின் ஒலியையே அவர் அதற்குப் பெயராக வைத்தார். ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதுதான் இரண்டிலும் நடப்பது. லினக்ஸில் இது இன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

தேடலை அருகிலிருந்து தொலைவுக்குக் கொண்டுசெல்வதே முறை. மோடத்தின் கேபிள் விளக்கு நிலைகொள்ளாமல் மினுக்கினால், பழுது பெரும்பாலும் வெளிக்கம்பியில். லினக்ஸுக்கு அதில் பங்கில்லை. விளக்கு சரியாக எரிந்தும் கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சேவையிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள். முதலில் இணைத்த கணினியின் அட்டை எண்ணையே நினைவில் வைத்திருக்கும் மோடங்கள் உண்டு. வேறு கணினியைச் செருகினால், மோடத்தை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட வேண்டும். பழைய விண்டோஸ் கணினியை எடுத்துவிட்டுப் புதிய லினக்ஸ் கணினியை வைப்பவர்கள் இடறுகிற இடம் இது. இங்கும் குற்றம் லினக்ஸினுடையதன்று. முகவரி கிடைத்தபின் முதலில் நுழைவாயிலுக்கும், பிறகு 8.8.8.8 என்ற எண்ணுக்கும் பிங் அனுப்பலாம். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வகுத்த டி.என்.எஸ். என்னும் பெயரேட்டில்தான் சிக்கல்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது மரங்கள் சாய்ந்து, தலைக்கு மேல் சென்ற கம்பிகள் அறுந்தன. அந்தக் காற்று விண்டோஸ், லினக்ஸ் என்று பேதம் பார்க்கவில்லை.

அறுந்ததை ஒட்டுவது எப்போதும் நம் கையில் இல்லை. எங்கே அறுந்தது என்று அறிவது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. "நெட் வரவில்லை" என்று கெஞ்சுபவரைக் காத்திருக்கச் சொல்லலாம். "முகவரி வந்திருக்கிறது, நுழைவாயில் பதில் தருகிறது, அதற்கு அப்பால் பதில் இல்லை" என்று சொல்பவரிடம், விண்டோஸில் போட்டுப் பார்க்கச் சொல்வது அத்தனை எளிதன்று.