1965 பிரிவினையும் நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழரும்: எல்லை உருவான வரலாறு

முன்னுரை

மலேசிய வரலாற்றைப் பயிற்றுவிக்கும் நாம் 1965 ஆகஸ்டு 9ஆம் நாளைப் பெரும்பாலும் இரு தலைநகரங்களின் செய்தியாகவே கூறி வருகிறோம். கோலாலம்பூரில் நாடாளுமன்றம் கூடியது. 126 உறுப்பினர் ஆதரித்து வாக்களிக்க, எதிர்வாக்கு ஒன்றுமின்றிச் சிங்கப்பூர் கூட்டரசிலிருந்து பிரிந்தது. 1963 செப்டம்பர் 16இல் தொடங்கிய இணைப்பு ஈராண்டு நிறைவுறுமுன்னே முடிந்தது. பாடநூல் இவ்வளவில் நின்றுவிடுகிறது. ஒரு நாட்டின் இறைமையை ஒரே நாளில் அறிவிக்க இயலும். அதன் எல்லை உருவாகச் சில ஆண்டுகள் ஆகின்றன. அவ்வாண்டுகளில் எல்லை யார்மீது விழுந்தது என்பதனை நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து காண முற்படுகிறது இக்கட்டுரை. சிங்கப்பூரோடு எல்லை பகிராத மாநிலத்தை இதற்குத் தேர்ந்தது ஏன் எனும் வினா எழலாம். எல்லையைக் கடக்காதவரையும் அயலாராக்கும் ஆற்றல் எல்லைக்கு உண்டு என்பதற்கு இம்மாநிலத் தோட்டங்களே தக்க சான்று.

பிரிவினை உடன்படிக்கையும் இரு தமிழரும்

1965 ஆகஸ்டு 7ஆம் நாளிட்ட சிங்கப்பூர் விடுதலை உடன்படிக்கையில் இரு தரப்பிலும் ஒவ்வொரு தமிழர் கையொப்பமிட்டுள்ளனர். மலேசியாவின் சார்பில் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன், சிங்கப்பூரின் சார்பில் சி. இராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் 1915இல் பிறந்த இராஜரத்தினம் வளர்ந்தது சிரம்பானில். தந்தையார் ரப்பர்த் தோட்ட மேற்பார்வையாளர். இராஜரத்தினம் தயங்கித் தயங்கியே கையொப்பமிட்டார் என்பது பலரும் எழுதியுள்ள செய்தி. அவர்தம் குடும்ப உறவுகள் தீபகற்பத்தில் இருந்தன. கையொப்பமிட்ட இரு நாள்களில் அவர் தாம் வளர்ந்த மண்ணுக்கு அயல்நாட்டு அமைச்சரானார். 1980வரை சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சராக இருந்தார்.

இதனைக் கொண்டு அவரைத் 'தோட்டத்துப் பிள்ளை' எனப் போற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. இதில் சற்று நிதானம் வேண்டும். கிராணிமார் குடும்பத்தின் உலகம் வேறு. லயத்தில் வாழ்ந்து விடியற்காலையில் பிரட்டுக்கு நின்றவர் உலகம் வேறு. ஆங்கிலக் கல்வியும் அலுவலகத் தொடர்பும் பெற்றவர்க்கு எல்லையின் எப்பக்கம் நிற்பது என்பது தேர்வாக இருந்தது. பால்மரம் வெட்டியவர்க்கு அத்தேர்வு பெரும்பாலும் வாய்க்கவில்லை.

உடன்படிக்கையின் பாதுகாப்புப் பகுதி வெளித்தாக்குதலில் ஒருவர்க்கொருவர் உதவுதல், படைத்தளங்கள், மற்றவர்க்குத் தீங்கு தரும் உடன்பாட்டைப் பிற நாட்டோடு செய்யாமை ஆகியவற்றைப் பேசியது. இந்தோனேசிய எதிர்ப்பு நடவடிக்கை முடிவுறாத காலம் அது. 1966 ஆகஸ்டில்தான் அமைதி உடன்பாடு ஏற்பட்டது. ஆகவே அன்றைய தலைவர்க்கு எல்லைப் பாதுகாப்பு என்பது படைப் பாதுகாப்பே. மக்கள் போக்குவரத்து பின்னரே அரசுகளின் கவனத்திற்கு வந்தது.

இருப்புப்பாதையும் கடப்பிதழும்

லிங்கி, ரந்தாவ், சிலியாவ், லாபு, பாஹாவ் வட்டாரத் தோட்டத்தார்க்குச் சிங்கப்பூர் வெளியூராகத் தோன்றியதில்லை. 1924இல் ஜொகூர் நீரிணைப் பாலம் திறக்கப்பட்டபின் சிரம்பானில் ஏறியவர் கிம்மாஸ் சந்திப்பு வழியாக நேரே சிங்கப்பூரில் இறங்கலாம். துறைமுகம், கடற்படைத்தளம், நகராட்சி ஆகியன தோட்ட இளைஞரை ஈர்த்த வேலைத்தலங்கள். நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பல் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் ஆகிய துறைகளைத் தொட்டுச் சென்றது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ரந்தாவில் மரம் வெட்டுவதும் தம்பி செம்பவாங்கில் கூலி வேலை செய்வதும் இயல்பாக இருந்தன.

இவ்வழி சிறிது சிறிதாக அடைபட்டது. 1965 முடிவில் சிங்கப்பூர் குடிமக்கள் அல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு முறையைக் கொணர்ந்தது. 1967இல் பாலத்தின் இரு கரைகளிலும் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. பிரித்தானியர் படைகளைத் திரும்பப் பெறுவதாக 1968இல் அறிவித்து 1971இல் வெளியேறியபோது தளத்து வேலைகளும் சுருங்கின.

இருப்புப்பாதை மட்டும் பழைய கூட்டரசை மறக்க மறுத்தது எனலாம். தஞ்சோங் பாகார் நிலையம் சிங்கப்பூரின் நடுவே மலாயா இரயில்வேயின் உடைமையாகவே தொடர்ந்தது. 1998இல் சிங்கப்பூர் தன் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது; மலேசிய அதிகாரிகள் பழைய இடத்திலேயே இருந்தனர். அதனால் வடக்கு நோக்கிச் செல்பவர் சிங்கப்பூரை விட்டு வெளியேறுமுன்னரே மலேசியாவுக்குள் 'நுழைந்து' விட்டனர்! இவ்விந்தை 2011 சூன் இறுதிவரை நீடித்தது.

அடையாள அட்டை

நீரிணையில் சோதனை வருவதற்குப் பல்லாண்டுகள் முன்பே தோட்டத்திற்குள் ஓர் எல்லை இருந்தது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் 12 வயதுக்கு மேற்பட்டோர்க்குப் படமும் பெருவிரல் இரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கப்பட்டது. பல தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலியும் ஊரடங்கும் வந்தன. பாதுகாப்பு என்ற சொல்லைத் தோட்டத்தார் முதலில் அறிந்தது இவ்வேலியின் வாயிலில்தான். 1953 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் இந்தியாவிலிருந்து புதியவர் வருவதைப் பெரிதும் குறைத்தது.

1957ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, விடுதலை நாளன்றோ அதன்பின்னரோ இங்குப் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குமுன் இங்குப் பிறந்தும் குடியுரிமை பெறாதிருந்தவர் விண்ணப்பித்துப் பதிய வேண்டும். ஓரளவு மலாய்மொழி அறிவும் வேண்டும். 1962 திருத்தம் பிறப்புரிமைக்கும் நிபந்தனை விதித்தது: பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும். எழுத்தறிவு குறைந்தவர், ஒருநாள் ஊர் திரும்புவோம் என நம்பியவர், ஒருநாள் சம்பளத்தை இழந்து சிரம்பான் அலுவலகத்திற்குச் செல்ல இயலாதவர் எனப் பலர் விண்ணப்பிக்காமல் விட்டனர். அவர்கள் கையில் சிவப்பு அட்டை தங்கிற்று. தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் குடியுரிமைப் பதிவுக்கு உதவியதும் உண்மை. நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் தொடங்கித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்திய பி. பி. நாராயணனின் பெயர் இங்கு நினைக்கத்தக்கது. எனினும் அத்தொண்டு எல்லா லயத்தையும் எட்டவில்லை.

இந்த அலட்சியத்தின் விலை 1968இல் தெரியவந்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. 1969இல் நடைமுறைக்கு வந்து, மே 13 கலவரத்திற்குப்பின் கடுமையாயிற்று. 'அலட்சியம்' என்று எழுதினோம். அச்சொல் தொழிலாளரை மட்டும் சுட்டுவதன்று. முப்பது ஆண்டுகள் ஒரே நிரையில் மரம் வெட்டியவர், எந்த எல்லையையும் கடக்காமலே, அனுமதி வேண்டும் அயலார் ஆனார். நாடெங்கும் பல்லாயிரவர் கப்பலேறினர். கணவன் சிவப்பு அட்டையோடு புறப்பட, நீல அட்டைக்குரிய பிள்ளைகள் உடன் செல்வதா தங்குவதா என்ற சிக்கல் எழுந்த வீடுகளும் உண்டு.

எஞ்சிய ஆவணங்கள்

2011இல் மைடஃப்தார் என்னும் பதிவு இயக்கம் நடத்தப்பட்டபோதும் ஆவணமின்றி வாழ்ந்த இந்தியர் பலர் வெளிப்பட்டனர். 1990களுக்குப்பின் நீலாய், சிரம்பான் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்ட அலுவலகப் பதிவேடுகள் பெரும்பாலும் அவற்றோடு போயின. தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் ஆங்காங்கே எஞ்சியுள்ளன. மாணவர் பெயர், பிறந்த நாள், தந்தை பெயர், பள்ளியை விட்டு விலகிய நாள் ஆகியன அவற்றில் உண்டு. 1969, 1970ஆம் ஆண்டுகளில் விலகிய பிள்ளைகளின் பெயர்களைப் பள்ளிவாரியாகத் தொகுத்தால், எத்தோட்டத்திலிருந்து எத்தனை குடும்பங்கள் சென்றன என்பதை ஓரளவு கணிக்க இயலும். இடம்பெயர்ந்த பள்ளிகளில் பழைய பேரேடுகள் கிடங்கறைகளில் கரையானுக்கு இரையாகுமுன், அங்குப் பணியாற்றும் ஆசிரியர்கள் அப்பக்கங்களைப் படமெடுத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்க்க வேண்டுகிறோம்.