தானுந்து வழிகாட்டிக் கருவி

தானுந்து வழிகாட்டிக் கருவி என்பது, வண்டி இருக்கும் இடத்தையும் சேரவேண்டிய இடத்துக்கான வழியையும் ஓட்டுநருக்குத் திரையிலும் குரலிலும் அறிவிக்கும் மின்னணுக் கருவி ஆகும். இக்கட்டுரை, தொழிற்சாலையிலேயே வண்டியின் முகப்புப் பலகையில் பொருத்தப்பட்டு வரும் வகையைப் பற்றியது. ஒரு தானுந்து பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடக்கூடியது. அதனுள் இருக்கும் நிலப்படமோ வண்டி விற்பனைக்கு வரும் முன்பே பழையதாகத் தொடங்கிவிடுகிறது. இக்கருவியை வைத்திருப்போர் எதிர்கொள்ளும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்தே எழுகின்றன.

வரலாறு

ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1981இல் அக்கார்டு வண்டிக்காக வெளியிட்ட எலக்ட்ரோ கைரோகேட்டர் இவ்வகையின் முன்னோடி ஆகும். அதில் செயற்கைக்கோள் தொடர்பு கிடையாது. வளிமச் சுழல் உணரி வண்டி திரும்பும் கோணத்தையும், சக்கரச் சுழற்சி கடந்த தொலைவையும் தந்தன. ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்ட நிலப்படத்தை ஓட்டுநரே திரைமுன் செருகி, தொடக்க இடத்தைப் பொருத்த வேண்டும். அமெரிக்காவில் 1985இல் வந்த ஈடாக் கருவி நிலப்படத்தை ஒலிநாடாப் பேழைகளில் எண்ணிம வடிவில் வைத்திருந்தது. ஒரு பெருநகருக்கே சில பேழைகள் தேவைப்பட்டன. 1987இல் டொயோட்டா கிரவுன் வண்டியில் குறுந்தகடும் வண்ணத்திரையும் வந்தன. ஜி.பி.எஸ் எனப்படும் புவியிடங்காட்டியைக் கொண்ட கருவி 1990இல் மாஸ்டாவின் யூனோஸ் காஸ்மோ வண்டியில் இடம்பெற்றது.

அமெரிக்க அரசு பொதுப் பயன்பாட்டுக்கான புவியிடங்காட்டிக் குறிகையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே 2 அன்று நீக்கியது. ஏறத்தாழ 100 மீட்டர் வரை இருந்த பிழை அதன்பின் 20 மீட்டருக்கும் கீழே இறங்கியது. அடுத்தடுத்த சாலைகளைப் பிரித்தறிய இது பேருதவியாயிற்று.

செயற்படும் முறை

அலைவாங்கி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிகைகளைக் கொண்டு தன் இடத்தைக் கணிக்கிறது. உள்ளமைந்த கருவி இதனுடன் நிறைவதில்லை. வண்டியின் வேகத் துடிப்பையும் சுழல் உணரியின் அளவீட்டையும் தொடர்ந்து சேர்த்துக் கணித்து, கிடைத்த புள்ளியை நிலப்படத்தின் அருகிலுள்ள சாலையின்மேல் பொருத்துகிறது. ஆதலால் குறிகை எட்டாத நீண்ட சுரங்கப்பாதையிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் வண்டியின் குறி நகர்ந்துகொண்டே இருக்கும். தனித்து இயங்கும் கைப்பேசி இத்தகைய இடங்களில் தடுமாறுவதுண்டு. பழைய கருவியை வீண் என்று ஒதுக்குவோர் இதனைக் கருத்தில் கொள்வதில்லை.

நிலப்படத்தைப் புதுப்பித்தல்

புதிய புறவழிச்சாலையில் செல்லும்போது வண்டி வயல்வெளியில் மிதப்பதுபோல் திரை காட்டுவது பழைய நிலப்படத்தின் தெளிவான அடையாளம். இது வேடிக்கையாகத் தோன்றினாலும் பெரிய இடர் அன்று. ஒருவழிப்பாதையாக மாறிவிட்ட தெருவினுள் எதிர்த்திசையில் திரும்புமாறு குரல் சொல்வதே உண்மையான இடர். சாலைப் பலகைக்கும் கருவிக்கும் முரண் ஏற்பட்டால் பலகையையே பின்பற்ற வேண்டும்.

புதுப்பிப்புகள் முதலில் குறுந்தகடு, பின்னர் டிவிடி, வன்தட்டு, நினைவக அட்டை என்ற வடிவங்களில் வந்தன. இவை பெரும்பாலும் விலைக்கே கிடைத்தன. சில நிறுவனங்களின் அட்டைகள் ஒரு குறிப்பிட்ட வண்டியுடன் பிணைக்கப்பட்டிருக்கும். வேறொன்றில் செருகினால் இயங்கா. மாதிரி பழையதானபின் புதிய வெளியீடு நிறுத்தப்படுகிறது. தெருக்கள் மாறிக்கொண்டிருக்க, நிலப்படம் அத்துடன் உறைந்துவிடும். நிலப்படத் தரவை வண்டி நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்தே பெறுகின்றன. அதன் முதன்மையை உணர்ந்தே அவுடி, பிஎம்டபிள்யூ, டைம்லர் ஆகிய மூன்றும் இணைந்து 2015இல் நோக்கியாவிடமிருந்து ஹியர் நிலப்பட நிறுவனத்தை வாங்கின.

மேம்படுத்துதல்

பழைய வண்டிகளில் ஒலிக்கருவிக்கான இடம் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 அல்லது 100 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட சீர்தர அளவில் இருந்தது. அதனால் முழுக் கருவியையும் கழற்றிப் புதியதைப் பொருத்துவது எளிது. பிற்கால வண்டிகளில் இது அத்தனை எளிதன்று. 2003இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரையசில் குளிரூட்டி, ஒலிக்கருவி, மின்கல ஆற்றல் ஓட்டக் காட்சி ஆகிய அனைத்தும் ஒரே தொடுதிரையில் உள்ளன. திரையை அகற்றினால் இவற்றையும் இழக்க நேரிடும். இத்தகைய வண்டிகளில் மூலத் திரையை அப்படியே விட்டு, அதற்குள் வெளிக் காட்சியைச் செலுத்தும் இடைமுகப் பெட்டியைச் சேர்ப்பதே ஏற்ற வழி. பின்புற ஒளிப்படக்கருவியையும் இவ்வாறு இணைக்கலாம்.

வண்டி ஓடும்போது முகவரி உள்ளிடுவதைப் பல கருவிகள் தடுக்கின்றன. கைத்தடையின் மின்கம்பியை வண்டியின் உடலுடன் இணைத்து, நின்றிருப்பதாகக் கருவியை நம்பவைக்கும் உத்தி பரவலாக அறியப்பட்டது. ஓட்டுநர் தனியாகச் செல்லும் வேளைகளில் இது விபத்துக்கு வழிவகுக்கும்.

2014இல் அறிவிக்கப்பட்ட ஆப்பிள் கார்ப்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ ஆகியவை கைப்பேசியின் நிலப்படத்தை வண்டித் திரைக்குக் கொண்டுவந்தன. நிலப்படம் பழையதாகும் சிக்கல் இவற்றால் பெருமளவு தீர்ந்தது. எனினும் எல்லா நிறுவனங்களும் இதனை விரும்பவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் புதிய மின்வண்டிகளில் இவற்றைத் தவிர்க்கப்போவதாக 2023இல் அறிவித்தது.

வெளிச் சார்புகள்

வன்பொருள் பழுதின்றி இருந்தும் கருவி முடங்கக்கூடும். அமெரிக்காவில் மூன்றாம் தலைமுறைக் கைப்பேசி வலையமைப்புகள் 2022இல் மூடப்பட்டபோது, அவற்றை நம்பியிருந்த பல வண்டிகள் இணையவழிச் சேவைகளை இழந்தன.

காலக்கணக்கு வழு இன்னொரு காரணம். புவியிடங்காட்டியின் மூலக் குறிகை வார எண்ணைப் 10 இருமங்களில் தருகிறது. 1024 வாரங்கள், அதாவது ஏறத்தாழ 19.6 ஆண்டுகள் கழிந்ததும் அவ்வெண் மீண்டும் சுழியாகும். 1980 சனவரி 6இல் தொடங்கிய எண்ணிக்கை 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் இவ்வாறு திரும்பியது. முதல்முறை ஜப்பானில் பழைய வழிகாட்டிகள் பல இயங்காது நின்றன. கருவியின் மென்பொருள் தனக்கென ஒரு தொடக்க நாளைக் கொண்டிருந்தால் வழு வேறு நாளில் வெளிப்படும். 2022 சனவரியில் ஹோண்டா, அகுரா வண்டிகள் பலவற்றின் கடிகாரம் 2002ஆம் ஆண்டைக் காட்டத் தொடங்கியது. ஒவ்வொரு முறை வண்டியை இயக்கும்போதும் தவறான நேரமே திரும்பி வந்ததால், கையால் திருத்துவது பயனளிக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் பெரும்பாலான வண்டிகளில் அது தானாகவே சரியாயிற்று.