இருபத்தைந்து எழுத்துச் சாவி

மக்களே, ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டிருந்த விஷயம் இது. பொட்டியை ஃபார்மேட் பண்ணி விண்டோஸைத் திரும்பப் போடுறதுக்கு முன்னாடி "கீ எங்கடா?"ன்னு தேடாத ஆள் நம்மள்ல யாரும் இருக்க முடியாது. அந்தக் கீ எங்கேருந்து வந்துச்சு, எங்கெங்கே ஒளிஞ்சுக்கிச்சு, இப்போ எங்கே போயிடுச்சுங்கிறதுதான் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க :-)

கதை 1976-ல ஆரம்பிக்குது. ஆல்டேர் கணினிக்கு எழுதின பேசிக் மொழியை ஆளாளுக்குக் காப்பி அடிக்கிறாங்கன்னு கடுப்பாகி, பில் கேட்ஸ் அந்த வருஷம் பிப்ரவரியில ஒரு திறந்த கடிதம் எழுதினார். 'பொட்டிக்குக் காசு குடுக்குறீங்க, மென்பொருளுக்கு மட்டும் ஏன் குடுக்க மாட்டேங்குறீங்க?' அப்படிங்கிறதுதான் சாராம்சம். கேள்வி நியாயமானதுதான். ஆனா கடிதம் போட்டா திருடுறதை யார் நிறுத்துவா? அதனால பூட்டு வந்துச்சு.

முதல்ல வந்த பூட்டு சுத்த காமெடி. விண்டோஸ் 95-க்குக் கடையில வித்த குறுந்தட்டுல மூணு இலக்கம், அப்புறம் ஏழு இலக்கம்னு ஒரு எண் இருக்கும். அந்த ஏழு இலக்கத்தையும் கூட்டினா வர்றது ஏழால மீதி இல்லாம வகுபடணும். சோதனை கிட்டத்தட்ட அவ்வளவுதான். பத்து இடத்துலயும் ஒண்ணு, ஒண்ணுன்னு அடிச்சாக்கூட உள்ள விட்டுடும். அஞ்சாங்கிளாஸ் பையன் திறந்துடுவான்.

அப்புறம்தான் நமக்குப் பழகின இருபத்தைந்து எழுத்து வந்துச்சு. அஞ்சஞ்சா அஞ்சு கூட்டம். எக்ஸ்பியிலருந்து விண்டோஸ் 7 வரைக்கும் அதுல எல்லா எழுத்தும் வராது தெரியுமா? உயிரெழுத்து அஞ்சும் கிடையாது, அதோட எல், என், எஸ், இசட் கிடையாது, சைபர், ஒண்ணு, அஞ்சு கிடையாது. மிச்சம் 17 எழுத்தும் 7 எண்ணும், மொத்தம் 24. ஓ-வா சைபரா, எஸ்ஸா அஞ்சான்னு குழம்பக் கூடாதுன்னு இந்த ஏற்பாடு. அழிஞ்சு போன ஸ்டிக்கரைப் படிக்கிறவங்களுக்கு இது ரொம்ப உதவும். சைபர் மாதிரி தெரிஞ்சா அது க்யூவாவோ டி-யாவோதான் இருக்கணும். பி-யா எட்டாங்கிற சந்தேகம் மட்டும் தீராது, ரெண்டுமே பட்டியல்ல இருக்கு. 24 எழுத்தை 25 இடத்துல போட்டா வர்ற வாய்ப்புகள் 35 இலக்க எண். குருட்டாம்போக்குல அடிச்சுக் கண்டுபிடிக்க ஏழு ஜென்மம் பத்தாது.

2001 அக்டோபர்ல எக்ஸ்பி வந்தப்ப 'ஆக்டிவேஷன்'னு இன்னொரு பூட்டும் சேர்ந்துச்சு. பொட்டிக்குள்ள இருக்கிற பாகங்களை வெச்சு ஒரு அடையாள எண் கணக்குப் போட்டு மைக்ரோசாஃப்ட்டுக்கு அனுப்பணும். ஆனா பெரிய நிறுவனங்களுக்குக் குடுத்த சாவிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அப்படி ஒரு சாவி எக்ஸ்பி கடைக்கு வர்றதுக்குச் சில வாரம் முன்னாடியே வெளியில கசிஞ்சுடுச்சு. எஃப்.சி.கே.ஜி.டபிள்யூன்னு ஆரம்பிக்கும். அந்தக் காலத்துல ஊர்ல அசெம்பிள் பண்ணின பொட்டி வெச்சிருந்தவங்களுக்கு அதை மனப்பாடமாத் தெரிஞ்சிருக்கும் :-) 2002-ல வந்த முதல் சர்வீஸ் பேக் அந்தச் சாவியைப் பார்த்தாலே ஏறமாட்டேன்னுடுச்சு.

மடிக்கணினி கதை தனி. காசு குடுத்து முறையா வாங்கின ஆளுக்குத்தான் இதுல பெரிய குழப்பம். அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல ஒரு சாவி. உள்ள ரெஜிஸ்ட்ரியிலருந்து மென்பொருள் வெச்சுப் படிச்சா வேற ஒரு சாவி! ரெண்டாவது அந்தத் தயாரிப்பாளரோட எல்லாப் பொட்டிக்கும் பொதுவானது. பயாஸ்ல அந்தக் கம்பெனி முத்திரை இருக்கா, உள்ள இருக்கிற விண்டோஸ் அவங்க போட்டு அனுப்பினதான்னு பார்த்து அது வேலை செய்யும். கடைக் குறுந்தட்டுல போட்டா ஆக்டிவேட் ஆகாது. உனக்குன்னு குடுத்த சாவி ஸ்டிக்கர்ல மட்டும்தான். அதுவும் 2005-லருந்து பெரிய கம்பெனிப் பொட்டிகளோட எக்ஸ்பி ஸ்டிக்கர் சாவியை இணையம் வழியா ஆக்டிவேட் பண்ண முடியாம, போன் போட்டுத்தான் வாங்கணும்னு ஆச்சு.

இங்க ஆக்லாந்துல எங்க அறைத் தோழன் ஒருத்தன்கிட்ட அண்ணன் குடுத்த விண்டோஸ் 7 மடிக்கணினி ஒண்ணு இருக்கு. மடியில வெச்சே பாவிச்சதுல ஸ்டிக்கர் எழுத்தெல்லாம் தேஞ்சு வெள்ளையாயிடுச்சு. மீட்புப் பகுதியை எவனோ எப்பவோ அழிச்சுட்டான். உள்ள படிச்சா பொதுச் சாவி வருது. ஆய்வேடு குடுக்க மூணு வாரம்தான் இருந்துச்சு. புது உரிமம் வாங்க மாணவன் கையில காசு ஏது? சட்டப்படி அது அவன் பொட்டி, அதுக்குக் காசும் குடுத்தாச்சு. ஆனா நிரூபிக்க ஒரு காகிதம் கிடையாது. நான் சொன்னேன், "டேய், உனக்கு வேண்டியது ஆர் மொழி, ஒரு எழுதி. லினக்ஸ் போட்டுட்டுப் போவோம்". ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுடுச்சு. யாரும் சாவி கேக்கலை.

அந்த ஆர் பிறந்ததே இந்த ஊர்லதான்! ஆக்லாந்து பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையில ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன்னு ரெண்டு பேர், மாணவர்களுக்குச் சொல்லிக் குடுக்க எழுதினது. ரெண்டு பேர் பேருக்கும் முதல் எழுத்து ஆர், அதான் பேர். 1993-ல வெளியில தெரிய வந்துச்சு. அதை வித்திருக்கலாம். ஆனா சுவிட்சர்லாந்துக்காரர் மார்ட்டின் மேக்லர் வற்புறுத்த, 1995-ல ஜி.பி.எல் உரிமத்துல இலவசமாத் திறந்து விட்டாங்க. உரிமம் இதுலயும் இருக்கு, பூட்டுதான் இல்லை. பகிர்ந்துக்கலாம்னு சொல்ற உரிமம்.

நம்ம ஊர்லயும் இந்த ரெண்டு பாதையும் ஒரே பொட்டிக்குள்ள இருந்துச்சு. 2011 செப்டம்பர் 15 அன்னைக்குத் திருவள்ளூர் மாவட்டம் காக்களூர்ல தொடங்கின விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல, எல்காட் வாங்கின பொட்டிகள்ல விண்டோஸும் இருந்துச்சு, சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. வீட்டுல முதல் கணினியே அதுதான்னு எத்தனையோ பசங்க. அவங்களுக்கு எது மறுபடி போட முடியுங்கிறது விளையாட்டு விஷயமில்லை.

2012-ல விண்டோஸ் 8 வந்தப்ப ஸ்டிக்கர்ல இருந்த சாவி காணாமப் போச்சு. இப்போ அது தாய்ப்பலகைச் சில்லுக்குள்ள, எம்.எஸ்.டி.எம்-ங்கிற அட்டவணையில. அதே பதிப்பைப் போட்டா நிறுவியே படிச்சுக்கும். 2015-ல விண்டோஸ் 10 இன்னொரு படி போய், உரிமத்தையே மைக்ரோசாஃப்ட் சர்வர்ல வெச்சுடுச்சு. சௌகரியம்தான், ஒத்துக்குறேன். ஆனா தாய்ப்பலகை செத்தா உன் சாவி உன் கையில இல்லை. காகிதத்துலருந்து சில்லுக்கு, சில்லுலருந்து எங்கேயோ இருக்கிற சர்வருக்கு. ஒவ்வொரு தடவையும் நம்ம கையைவிட்டு ஒரு அடி தள்ளிப் போயிருக்கு.

அதனால ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி: விண்டோஸ் 7-ஓ அதுக்கு முந்தினதோன்னா அடியைத் திருப்பி ஸ்டிக்கரை இப்பவே போட்டோ எடுங்க. பேட்டரிக்குக் கீழயும் பாருங்க. மீட்புப் பகுதி இருந்தா தொடாதீங்க. 8-க்கு அப்புறம்னா எந்தப் பதிப்புன்னு மட்டும் குறிச்சுக்குங்க. 10-ஓ 11-ஓன்னா ஆக்டிவேஷன் பக்கத்துல உங்க கணக்கோட இணைஞ்சிருக்கான்னு பாருங்க. எதுவுமே கிடைக்கலைன்னா பயப்படாதீங்க, சாவி கேக்காத கதவு ஒண்ணு 1990-கள்லருந்தே திறந்துதான் கிடக்கு.