நீர்மின்கலங்களும் கடுங்குளிரும்: மின்பகு திரவங்களின் வரலாறு

இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா, 1800ஆம் ஆண்டில், வெள்ளி வில்லைகளையும் துத்தநாக வில்லைகளையும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் தோய்த்த அட்டைகளைச் செருகி, இடைவிடாத மின்னோட்டத்தை முதன்முதலாகப் பெற்ற நாள் தொட்டு, மின்கலத்தின் பலமும் பலவீனமும் அதனுள் உள்ள நீரைப் பெரிதும் சார்ந்தே வந்திருக்கின்றன. நீர் மலிவானது, தீப்பற்றாதது, அயனிகள் எளிதில் சஞ்சரிக்க இடந்தருவது. ஆயினும் பூஜ்யம் டிகிரியில் அது உறைகிறது. உஷ்ணம் மிகுந்தாலோ ஆவியாகித் தொலைகிறது. இக்குறைகளைக் களைய எழுந்த முயற்சிகளை வரிசையாக நோக்குவோர்க்கு, நீரில் எதைக் கரைப்பது, எவ்வளவு கரைப்பது என்னும் ஒரே வினா வெவ்வேறு ரூபங்களில் மீண்டும் மீண்டும் எழுந்திருப்பது புலனாகும்.

பிரெஞ்சு நாட்டவரான பிளான்ட்டே 1859இல் அமைத்த ஈயக்கலம் இதற்குச் சிறந்த திருஷ்டாந்தமாகும். மோட்டார் பட்டறையில் தொழிலாளி ரப்பர்க் குமிழை அழுத்தி, கண்ணாடிக் குழாய்க்குள் திராவகத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் ஹைட்ரோமீட்டரின் அளவைப் பார்ப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். நீரோடு ஒப்பிட்ட அடர்த்தியைக் காட்டும் அது, மின்னேற்றம் நிறைந்த கலத்தில் 1.28 அளவில் நிற்கும். அந்தத் திராவகம் பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 70 டிகிரி வரை உறைவதில்லை. மின்சாரம் செலவாகச் செலவாக, கந்தக அமிலம் தகடுகளோடு கூடி ஈய சல்பேட்டாக மாற, எஞ்சும் திரவம் வெறும் நீரை நெருங்குகிறது; அளவு 1.10க்கு இறங்கிவிட்டால் மைனஸ் 7 டிகிரி அளவிலேயே அது உறைந்து பெட்டியைப் பிளந்துவிடக்கூடும். மின்கலம் பலமிழந்திருக்கும் சமயத்திலேயே குளிரும் அதனை எளிதில் வீழ்த்துகிறது. உஷ்ண தேசங்களுக்கான ஈயக்கலங்களில் சற்று நீர்த்த அமிலத்தையே பயன்படுத்துவது வழக்கமாயிற்று. உறைவு பற்றிய அச்சம் இல்லாத இடத்தில், தகடுகளின் அரிப்பைத் தணிப்பதே அங்கே முக்கியம்.

மற்றொரு பிரெஞ்சு நாட்டவரான லெக்லான்ஷே 1866இல் தம் மின்கலத்தில் நவச்சாரக் கரைசலைக் கையாண்டார். சுவீடனைச் சேர்ந்த யுங்னர் 1899இல் நிக்கல், காட்மியம் ஆகியவற்றோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்தார். நூற்றுக்கு முப்பது பங்கு அளவில் இக்காரம் கரைந்த நீர் மைனஸ் 66 டிகிரி வரை உறையாது. மேலும் ஈயக்கலத்தின் அமிலத்தைப் போல அது வினையில் செலவாவதுமில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில், உஷ்ணப் பிரதேசங்களில் சாதாரண உலர்கலங்கள் விரைவில் கெட்டுப்போனமையால், அமெரிக்கரான சாமுவேல் ரூபன் ஆக்கிய பாதரசக் கலம் ராணுவத்துக்குத் துணையாயிற்று. அதிலும் இயங்கியது காரக்கரைசலே.

லித்தியம் அயனிகளை நீரிலேயே இயக்கலாம் என்று கனடாவில் டான் குழுவினர் 1994இல் காட்டினர். ஆயினும் 1.23 வோல்ட்டுக்கு மேல் நீர் பிரிந்துவிடும் என்னும் வரம்பு பெரும் தடையாக நின்றது. 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கிலோ நீரில் 21 மோல், அதாவது ஏறத்தாழ ஆறு கிலோ, லித்தியம் உப்பைக் கரைத்து அவ்வரம்பை 3 வோல்ட் அளவுக்கு விரித்தனர். அங்கே நீரைவிட உப்பே அதிகம். ஆனால் குளிர்ந்தால் உப்பே படிகமாகப் பிரிந்துவிடும் என்பதால், கடுங்குளிருக்கு அது பரிகாரமாகவில்லை.

உண்மையான திருப்பம் சீனாவின் நன்காய் பல்கலைக்கழகத்தில், சென் ஜுன் குழுவினரின் ஆராய்ச்சியில் நிகழ்ந்தது என்பதே என் அபிப்பிராயம். பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் அண்டையிலுள்ள நான்கு மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்கிறது. அந்தக் கைகோப்பைக் குலைத்தால் உறைவும் தள்ளிப்போகும். 2019இல் டைமெத்தில் சல்பாக்சைடை நீரோடு கலந்து, மைனஸ் 50 டிகிரியில் மின்கலத்தை அவர்கள் இயக்கினர். மறு ஆண்டில் ஒரு கிலோ நீருக்கு 7.5 மோல், கிட்டத்தட்ட ஒரு கிலோ, துத்தநாகக் குளோரைடைக் கரைத்து, உறைநிலையை மைனஸ் 114 டிகிரிக்குத் தாழ்த்தி, மைனஸ் 90 முதல் பிளஸ் 60 டிகிரி வரை இயங்கும் மின்கலத்தை அமைத்தனர். அருமையான பதார்த்தம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை; உலர்கலத் தொழிலில் நெடுங்காலமாகப் புழங்கிய மலிவான உப்பே போதுமாயிற்று.

ஆனால் இக்கரைசல் அமிலத்தன்மை உடையது. துத்தநாகத்தை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும் இயல்பினது. உஷ்ணம் ஏற ஏற அவ்வரிப்பும் வேகம் கொள்கிறது. குளிரை வென்றது போல வெப்பத்தையும் நீர்மின்கலம் வென்றுவிட்டது என்று சொல்லும் நிலை இன்னும் வரவில்லை.